எட்டுக்கு ஒன்று: தோற்றவர் செய்த சிபாரிசு



கேரம், டேபிள் டென்னிஸ், செஸ் என்று எந்த ஆட்டமானாலும் நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சில ஜோடிகள் எதிரெதிரே உட்கார்ந்தாலே முடிவு இப்படித்தான் என்று சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும். இருவருமே நன்றாக ஆடுகிறவர்கள்தான். ஆனால் மற்ற எல்லோரையும் ஜெயிக்கும் ஒருவர், அந்த ஒரு ஆளிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருப்பார். தோற்பது நம் பிள்ளையாக இருந்தால் வீட்டில் பேச்சு வேறு மாதிரி போகும். வகுப்பை மாற்றலாமா, வேறு ஆட்டத்தில் சேர்க்கலாமா, அந்தப் பையனோடு ஆட விடாமல் இருந்தால் என்ன என்றெல்லாம் யோசிப்போம்.

உலகின் தலைசிறந்த செஸ் வீரர்கள் நடுவிலும் இப்படிப்பட்ட ஒருதலைக் கணக்குகள் நிறைய உண்டு. இந்த இதழில் நீங்கள் படிக்கப்போவது அப்படிப்பட்ட கணக்கில் தோற்ற பக்கத்தில் நின்ற ஒருவரின் வாழ்க்கை. ஒருவரிடம் மட்டுமல்ல, மூன்று பேரிடம் அவர் அப்படித் தோற்றார். மூன்று முறையும் எதிராளிக்கு எட்டு வெற்றி. அவருக்குக் கிடைத்தது ஒன்று, பூஜ்யம், ஒன்று. ஆனாலும் அமெரிக்க செஸ்ஸில் இன்றைக்கும் மரியாதையோடு சொல்லப்படும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. அவர் பெயர் ஃபிராங்க் ஜேம்ஸ் மார்ஷல்.

மாண்ட்ரியால் பையன்

மார்ஷல் 1877 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் பிறந்தார். எட்டு வயதில் குடும்பம் கனடாவின் மாண்ட்ரியால் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பத்து வயதில் அப்பாதான் செஸ் சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச நாளிலேயே ஊரில் இருந்த பெரியவர்களை எல்லாம் பையன் தோற்கடிக்க ஆரம்பித்துவிட்டான்.

1893-ல் அப்போதைய உலக சாம்பியன் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் மாண்ட்ரியாலுக்கு வந்து, ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடிக்காட்டினார். பதின்வயது மார்ஷலும் அந்த வரிசையில் உட்கார்ந்தார், தோற்றார். பெரிய ஆளிடம் தோற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்ற பாடம் இவ்வளவு சின்ன வயதிலேயே கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம் என்றே சொல்லலாம்.

அவர் ஆட்டம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செஸ் தெரியாதவர்களும் பின்தொடரலாம், சிரமமில்லை. செஸ் ஆடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் ஒவ்வொரு சிப்பாயையும் காசு போல எண்ணி வைத்து, எதிராளி ஒரு சின்னத் தவறு செய்யும்வரை பொறுமையாகக் காத்திருப்பார்கள். இன்னொரு வகையினர் கையில் இருப்பதை வாரிக் கொடுத்தாவது எதிராளியின் ராஜாவை நோக்கிப் பாய்வார்கள். மார்ஷல் இரண்டாவது வகை. தோற்கும் நிலைக்கு வந்துவிட்ட ஆட்டத்தில்கூடச் சோர்ந்துபோகாமல் கண்ணி மேல் கண்ணியாக வைத்து எதிராளியைக் குழப்பி, டிராவோ வெற்றியோ பறித்துக்கொண்டு வருவதில் அவர் கெட்டிக்காரர். இப்படித் தப்பித்த ஆட்டங்களைத் தொகுத்து 1914-ல் ஒரு சிறு புத்தகமே போட்டார். அதற்கு அவர் வைத்த பெயரில் இருந்ததே மோசடி என்று பொருள்படும் சொல்தான்! தன்னைப் பற்றிக் கிண்டலாகச் சொல்வதை அவரே ஒரு பட்டமாக எடுத்துக்கொண்டார்.

உயரமான உருவம், வாயில் சுருட்டு, தளர்வாகக் கட்டிய கழுத்துப்பட்டை. பார்க்கிறவர்களுக்கு நாடக நடிகர் போலத் தெரிவார்.

மேலே ஏறிய வருடங்கள்

1900-ல் பாரிஸில் ஒரு பெரிய போட்டி நடந்தது. அப்போது உலக சாம்பியன் ஜெர்மனியின் எமானுவேல் லாஸ்கர். அந்தப் போட்டி முழுவதிலும் லாஸ்கர் தோற்றது ஒரே ஒரு ஆட்டத்தில். அவரைத் தோற்கடித்தவர், வெளிநாட்டுப் பெரும் போட்டிகளில் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத 22 வயது மார்ஷல்.

1904-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் ஒரு பெரும் போட்டி. லாஸ்கர் உட்பட ஐரோப்பாவின் பெரிய தலைகள் பலரும் கடல் கடந்து வந்திருந்தார்கள். மார்ஷல் 15 சுற்றுகளில் 13 புள்ளிகள் எடுத்தார். ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. உலக சாம்பியன் அவருக்கு இரண்டு புள்ளிகள் பின்தங்கி நின்றார். அடுத்த உலக சாம்பியன் ஒரு அமெரிக்கர்தான் என்று பலரும் எதிர்பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான்.

இங்கே ஒரு வித்தியாசத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பல பேர் ஆடும் போட்டி என்பது வேறு, இருவர் மட்டும் வாரக்கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் தொடர் என்பது வேறு. பல பேர் போட்டியில் ஒவ்வொரு நாளும் புது ஆள் வருவார். பாய்ந்து அடிக்கிறவருக்கு அது வசதி. இருவர் தொடரில் ஒரே ஆள் தினமும் உங்கள் எதிரே வந்து உட்கார்கிறார். முதல் நாள் பலித்த வித்தையை இரண்டாம் நாள் அடையாளம் கண்டுகொள்கிறார், மூன்றாம் நாள் அதற்குப் பதில் வைத்திருக்கிறார். உங்கள் பலம் என்ன என்பதோடு, உங்கள் பலவீனம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருதலைக் கணக்குகள் பெரும்பாலும் பிறப்பது இப்படித்தான்.

மூன்று எட்டுகள்

முதல் எட்டு, 1905. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் டாக்டர் சீக்பெர்ட் தாராஷ் என்பவரோடு மார்ஷல் தொடர் ஆடினார். தாராஷ் தொழிலால் மருத்துவர். ஆட்டத்திலும் மருந்துச் சீட்டு போல எல்லாவற்றுக்கும் ஒரு விதி வைத்திருந்தவர். முடிவில் தாராஷுக்கு எட்டு வெற்றி, மார்ஷலுக்கு ஒன்று, எட்டு ஆட்டங்கள் டிரா.

மறு வருடம் 1906-ல் அதே நியூரம்பெர்க்கில், அதாவது தாராஷின் சொந்த ஊரிலேயே, ஒரு பெரும் போட்டி. மார்ஷல் மறுபடியும் போனார். ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் முதல் பரிசை எடுத்துக்கொண்டு வந்தார். தாராஷ் பட்டியலில் ரொம்பக் கீழே இருந்தார். முந்தின வருடம் அடி வாங்கிய ஊருக்கே மறுபடி போகும் தைரியம் எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள்.

இரண்டாவது எட்டு, 1907. இது உலக சாம்பியன் பட்டத்துக்கான தொடர். எதிராளி லாஸ்கர். ஜனவரி கடைசியில் நியூயார்க்கில் தொடங்கி, ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன், பால்டிமோர், சிகாகோ, மெம்ஃபிஸ் என்று ஊர் ஊராக நகர்ந்து ஏப்ரலில் முடிந்தது. மொத்தம் 15 ஆட்டங்கள். லாஸ்கருக்கு எட்டு வெற்றி, ஏழு டிரா. மார்ஷலுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. பாரிஸில் யாரைத் தோற்கடித்தாரோ, கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸில் யாரை முந்தினாரோ, அவரிடமே சொந்த நாட்டு மக்கள் கண்முன்னால் இப்படி ஒரு தோல்வி.

மூன்றாவது எட்டுதான் இந்தக் கதையின் மையம்.

ஹவானாவிலிருந்து வந்த இளைஞர்

1909-ல் மார்ஷலுக்கு வயது 31. அமெரிக்காவின் முன்னணி வீரர். அவரோடு ஒரு தொடர் ஆட முன்வந்தவர் கியூபா தலைநகர் ஹவானாவில் பிறந்த 20 வயது இளைஞர், ஹோசே ராவுல் கபாபிளாங்கா. நான்கு வயதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அப்பா ஆடுவதைப் பார்த்தே செஸ் கற்றுக்கொண்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். படிப்பதற்காக நியூயார்க் வந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வகுப்பை விட செஸ் கழகத்திலேயே அதிக நேரம் இருந்தவர். ஆனால் பெரிய போட்டி எதிலும் அதுவரை ஆடியதில்லை.

மார்ஷல் சுலபமாக ஜெயிப்பார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. 23 ஆட்டங்கள் முடிந்தபோது கபாபிளாங்காவுக்கு எட்டு வெற்றி, மார்ஷலுக்கு ஒன்று, மீதி 14 டிரா.

மார்ஷல் பாய்ந்தார், கபாபிளாங்கா கொஞ்சம் நகர்ந்துகொண்டார். மார்ஷல் கண்ணி வைத்தார், கபாபிளாங்கா அதில் கால் வைக்கவே இல்லை. காய்கள் குறைந்து பலகை காலியாக ஆக, கபாபிளாங்காவின் கை ஓங்கும். மிச்சம் இருக்கும் இரண்டு மூன்று காய்களை வைத்து அவர் ஆட்டத்தை முடிக்கும் விதத்தைப் பார்த்தால், ரொம்ப எளிதான விஷயம் போலத் தோன்றும். மார்ஷலுக்கு நேர் எதிரான வார்ப்பு.

இதற்குப் பிறகு மார்ஷல் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம்.

ஸ்பெயின் நாட்டின் கடற்கரை நகரமான சான் செபாஸ்டியனில் 1911-ல் ஒரு போட்டிக்கு ஏற்பாடு ஆனது. முந்தைய பெரும் போட்டிகளில் பரிசு வாங்கியவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று விதி. கபாபிளாங்கா அப்படி எதிலும் ஆடியதே இல்லையே, எப்படிச் சேர்ப்பது? ரஷ்யாவிலிருந்து வந்த ஒஸ்ஸிப் பெர்ன்ஸ்டைனும் ஆரோன் நிம்ஸோவிச்சும் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவருக்காக வாதாடி, விதியைத் தளர்த்தியாவது சேர்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்களில் முக்கியமானவர் மார்ஷல். தன்னை எட்டுக்கு ஒன்று என்று தோற்கடித்த இளைஞருக்குத் தன் தோல்வியையே தகுதிச் சான்றிதழாக அவர் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒரு நிமிடம் அவர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அந்தப் போட்டியில் மார்ஷலும் ஆடுகிறார். பரிசுப் பணம்தான் அவருக்கு வருமானம். அவருக்கு வேறு தொழில் கிடையாது, வீட்டில் மனைவி இருக்கிறார். தன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஆள் என்று நிரூபணமான ஒருவர் வராமல் இருந்தால் அவருக்கு லாபம். பேசாமல் இருந்தாலே போதும், யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவர் பேசாமல் இருக்கவில்லை.

முதல் சுற்றிலேயே கபாபிளாங்காவின் எதிரே உட்கார்ந்தவர் பெர்ன்ஸ்டைன். கபாபிளாங்கா ஜெயித்தார். அந்த ஆட்டத்துக்கு அழகான ஆட்டம் என்று தனிப் பரிசும் கிடைத்தது. கடைசியில் ஒன்பதரைப் புள்ளிகளோடு போட்டியையே வென்றார். ரூபின்ஸ்டைனும் விட்மாரும் ஒன்பது. நான்காவது இடம், எட்டரைப் புள்ளிகளோடு மார்ஷல். சிபாரிசு செய்யாமல் இருந்திருந்தால் அவர் ஒரு படி மேலே வந்திருக்கலாம்.

ராணியைத் தூக்கி வைத்த இடம்

இவ்வளவு தோற்றவர் பெரிய வீரர்தானா என்ற சந்தேகம் இந்த இடத்தில் உங்களுக்கு வரலாம். 1912-ல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் (இன்று அது போலந்தில் இருக்கும் விராட்ஸ்வாஃப்) ரஷ்ய வீரர் ஸ்டெபான் லெவிட்ஸ்கியோடு அவர் ஆடிய ஆட்டத்தைச் சொல்கிறேன்.

ஆட்டத்தின் உச்சத்தில் மார்ஷல் தன் ராணியை எடுத்து, எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் வைத்தார். அங்கே அதை வெட்ட மூன்று காய்கள் தயாராக நின்றன: இரண்டு சிப்பாய்கள், ஒரு ராணி. எந்தக் காயால் வெட்டினாலும் லெவிட்ஸ்கிக்குத் தோல்வி. வெட்டாமல் விட்டாலும் தோல்வி. லெவிட்ஸ்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். வேடிக்கை பார்த்தவர்கள் பலகை மேல் தங்கக் காசுகளை வீசினார்கள் என்று ஒரு கதை உண்டு. மார்ஷலே அப்படித்தான் சொல்லிவந்தார். உண்மையோ, சொல்லச் சொல்ல வளர்ந்ததோ, அந்த நகர்த்தல் மட்டும் நூறு வருடம் தாண்டியும் செஸ் புத்தகங்களில் இருக்கிறது.

1913-ல் ஹவானாவில் ஒரு போட்டி. கபாபிளாங்காவின் சொந்த ஊர், சுற்றிலும் அவருடைய ரசிகர்கள். மார்ஷல் அங்கே கபாபிளாங்காவை நேர் ஆட்டத்தில் தோற்கடித்தார். அரைப் புள்ளி வித்தியாசத்தில் போட்டியையும் வென்றார். நியூரம்பெர்க் நினைவுக்கு வருகிறதா? எதிராளியின் வீட்டு வாசலுக்கே போய் ஜெயிப்பது அவருக்கு ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது.

ஆனால் இதனால் கணக்கு சமமாகிவிடவில்லை. வாழ்நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கபாபிளாங்கா அவரைத் தோற்கடித்தது சுமார் இருபது தடவை. மார்ஷலின் வெற்றிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

1914-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நடந்த புகழ்பெற்ற போட்டியில் இறுதிச் சுற்றுக்குத் தேறியவர்கள் ஐந்து பேர்: லாஸ்கர், கபாபிளாங்கா, அலெக்ஸாண்டர் அலெகின், தாராஷ், மார்ஷல். பட்டியலை மறுபடி பாருங்கள். மார்ஷலை எட்டு எட்டாகத் தோற்கடித்த மூன்று பேரும் அதில் இருக்கிறார்கள். ஐந்தாவது இடம் மார்ஷலுக்கு. ஆனால் அந்த மேஜைக்கு வந்து சேர்ந்த ஐந்து பேரில் ஒருவர் அவர்.

அந்தக் கோடையில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் அவர் ஆடிக்கொண்டிருந்தபோது முதல் உலகப் போர் வெடித்தது. போட்டி பாதியில் நின்றது. மார்ஷல் ஹாலந்து வழியாகத் தப்பி ஊர் வந்து சேர்ந்தார். வழியில் விட்டுவந்த பெட்டிகள் ஐந்து வருடம் கழித்து, போர் முடிந்த பிறகு, அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன என்று தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார்.

பாதியில் ஓர் இடைவெட்டு

தோல்வியை எல்லோரும் இப்படி எடுத்துக்கொண்டார்களா? இல்லை. டேவிட் யனோவ்ஸ்கி என்று ஒருவர் இருந்தார். மார்ஷலைப் போலவே பாய்ந்து அடிக்கிறவர். 1910-ல் லாஸ்கரோடு உலக சாம்பியன் தொடர் ஆடினார். 11 ஆட்டங்களில் எட்டு தோல்வி, மூன்று டிரா, வெற்றி ஒன்றும் இல்லை. மார்ஷலோடும் பல தொடர்கள் ஆடினார். ஒன்றில் மட்டும் ஜெயித்தார், மற்றவை மார்ஷலுக்கு. ஆக, ஒரு கணக்கில் தோற்கும் பக்கத்தில் இருந்த மார்ஷலே இன்னொரு கணக்கில் ஜெயிக்கும் பக்கத்தில் இருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1927 உலக சாம்பியன் தொடருக்கு முன் அலெகின் கபாபிளாங்காவை ஒரு ஆட்டத்தில்கூட ஜெயித்ததில்லை. ஐந்து தோல்வி, ஏழு டிரா. அந்த வருடம் புவெனஸ் அய்ரஸில் இருவரும் உலக சாம்பியன் தொடரில் மோதினார்கள். 34 ஆட்டங்கள். அலெகின் ஆறு வெற்றி, கபாபிளாங்கா மூன்று. பட்டம் கைமாறியது. கபாபிளாங்கா மறுதொடர் கேட்டுக்கொண்டே இருந்தார், அது நடக்கவே இல்லை. பழைய கணக்கு பழைய ஆட்டங்களைப் பற்றித்தான் சொல்லும், அடுத்த ஆட்டத்துக்கு அது உத்தரவாதம் கிடையாது. மார்ஷலுக்கு மட்டும் அப்படி ஒரு தலைகீழ் மாற்றம் கடைசிவரை வரவில்லை. அதனால்தான் அவர் கதை வேறு.

தோற்ற ஆட்டம் கொடுத்த சொத்து

1918 அக்டோபர், நியூயார்க். மார்ஷலும் கபாபிளாங்காவும் மறுபடி எதிரெதிரே. கபாபிளாங்கா வெள்ளைக் காய்களோடு, ஸ்பானிஷ் திறப்பு என்று செஸ் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வழியில் ஆடினார். எட்டாவது நகர்த்தலில் மார்ஷல் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். நடுவில் இருந்த ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, தன் சிப்பாய் ஒன்று வெட்டுப்படுவதற்கு வழி விட்டார். சிப்பாய் போனால் போகட்டும், அதற்குப் பதில் என் காய்கள் எல்லாம் உன் ராஜாவைச் சுற்றி வந்துவிடும் என்பது கணக்கு.

1909 தோல்விக்குப் பிறகு ஒன்பது வருடம் இந்த ஆயுதத்தைக் கபாபிளாங்காவுக்காகவே ஒளித்து வைத்திருந்தார் என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதுவும் பேசிப் பேசிப் பெருத்த கதை என்றே ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அன்று பலகையில் நடந்ததற்கு மட்டும் பதிவு இருக்கிறது.

வீட்டில் நிதானமாக ஆராய்ந்து தயார் செய்யப்பட்ட தாக்குதல் இது என்பது கபாபிளாங்காவுக்கு உடனே புரிந்தது. அவர் ஒதுங்கவில்லை. சிப்பாயை எடுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு நகர்த்தலாக, முன்பின் பார்த்திராத ஒரு தாக்குதலைத் தனியாக உட்கார்ந்து தடுத்தார். 36-வது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தவர் கபாபிளாங்காதான்!

இன்னொரு தோல்வி. ஆனால் அந்த யோசனை அன்றோடு சாகவில்லை. மார்ஷலே அதைத் திருத்தி மெருகேற்றினார், பின்னால் வந்தவர்களும் சேர்த்தார்கள். இன்று அதன் பெயர் மார்ஷல் தாக்குதல். 1965-ல் டால் என்ற மேதைக்கு எதிராக ஸ்பாஸ்கி அதை நம்பி ஆடினார். 2004-ல் உலக சாம்பியன் தொடரில் கிராம்னிக்குக்கு எதிராக லேகோ அதை வைத்து ஓர் ஆட்டத்தை வென்றார். இதற்குப் பயந்து, அந்த நிலைக்கே போகாமல் முன்கூட்டியே வேறு பாதையில் விலகிக்கொள்ளும் முறைகள் தனியாக உருவாயின. அவற்றின் பெயரே மார்ஷல் எதிர்ப்பு முறைகள். உங்கள் வீட்டுப் பிள்ளை செஸ் வகுப்பில் கொஞ்சம் மேல் நிலைக்குப் போயிருந்தால் கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்கும். அந்த ஆட்டத்தில் ஜெயித்தது கபாபிளாங்கா. பெயர் நின்றது தோற்றவர் பெயரில்.

ஒரு வீடு

மார்ஷல் தினமும் ஆடினார். பத்து வயதில் கற்றுக்கொண்டதிலிருந்து நாளுக்கு ஓர் ஆட்டமாவது ஆடாமல் இருந்ததில்லை என்று முதுமையில் எழுதியிருக்கிறார். 1916-ல் வாஷிங்டனில் ஒரே நேரத்தில் 105 பேரோடு ஆடினார். 82 வெற்றி, 15 டிரா, 8 தோல்வி. மேஜை மேஜையாக நடந்து கொண்டே ஏழு மணி நேரம்.

1915-ல் நியூயார்க்கில் செஸ் ஆட ஓர் இடம் தொடங்கினார். அது வளர்ந்து மார்ஷல் செஸ் கழகம் ஆனது. சில இடங்கள் மாறி, 1931-ல் மேற்கு 10-வது தெரு, 23-ம் எண் வீட்டுக்கு வந்தது. ஆதரவாளர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த வீடு அது. மார்ஷலும் மனைவி கரோலினும் அங்கேயே குடியிருந்தார்கள். வாசல் மணி அடித்தால் கதவைத் திறப்பது அநேகமாக வீட்டுக்காரர்களாகவே இருந்திருக்கும். நம்மைப் போல அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். நாலு பேர் வந்து போகும் பொது இடத்தையும் சொந்த வீட்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வது லேசான காரியமா?

2022-ல் மாமல்லபுரத்தில் நடந்ததே செஸ் ஒலிம்பியாட், அதே போட்டியில் 1931, 1933, 1935, 1937 என்று வரிசையாக நான்கு முறை அமெரிக்க அணி தங்கம் வென்றது. நான்கு அணிகளுக்கும் தலைமை மார்ஷல். கடைசித் தடவை அவருக்கு வயது 60-ஐ எட்டிவிட்டது. கூட ஆடியவர்கள் பலரும் அவருக்குப் பிள்ளை வயது. ஃபைன் போன்ற இளைஞர்கள் அவர் கழகத்திலேயே ஆடி வளர்ந்தவர்கள்.

1909 முதல் அமெரிக்க சாம்பியன் பட்டம் அவரிடமே இருந்தது. 27 வருடம். அந்தக் காலத்தில் சாம்பியனை ஒருவர் தொடருக்கு அழைத்து, பணம் திரட்டி, தோற்கடித்தால்தான் பட்டம் மாறும். 1936-ல் மார்ஷல் தானாகவே பட்டத்தை விட்டுக்கொடுத்தார். இனி எல்லோரும் ஆடும் போட்டியில் ஜெயிப்பவரே சாம்பியன் என்ற முறை வந்தது. முதல் போட்டியை வென்றவர் சாமுவேல் ரெஷெவ்ஸ்கி. அடுத்தவருக்கு வழி விடுவது, சான் செபாஸ்டியனுக்குப் பிறகு, இது இரண்டாவது முறை.

1942 மார்ச்சில் கபாபிளாங்கா நியூயார்க்கில் ஒரு செஸ் கழகத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். மறுநாள், மார்ச் 8 அன்று மறைந்தார், 53 வயதில். அதே வருடம் மார்ஷல் தன் ஐம்பது வருட செஸ் வாழ்க்கை பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். தோற்ற தொடர்களை அதில் அவர் மறைக்கவில்லை. 1944 நவம்பர் 9 அன்று ஜெர்சி சிட்டியில் அவரும் மறைந்தார். வயது 67. அதன் பிறகு பல வருடம் கழகத்தைக் கரோலின்தான் நடத்தினார்.

அந்த வீட்டுக் கதவு மூடப்படவில்லை. 1956 அக்டோபரில் 13 வயதுப் பையன் ஒருவன் அங்கே உட்கார்ந்து, டொனால்ட் பைர்ன் என்ற வீரருக்கு எதிராகத் தன் ராணியையே கொடுத்து ஜெயித்தான். நூற்றாண்டின் ஆட்டம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பையன் பெயர் பாபி ஃபிஷர்.

1965-ல் ஹவானாவில் கபாபிளாங்கா நினைவுப் போட்டி. ஃபிஷருக்கு அழைப்பு வந்தது. அமெரிக்க அரசு கியூபாவுக்குப் போக அனுமதி கொடுக்கவில்லை. அதனால் அவர் நியூயார்க்கிலேயே ஒரு மேஜையில் உட்கார்ந்து ஆடினார். ஒவ்வொரு நகர்த்தலும் தந்தி அச்சு இயந்திரம் வழியாக ஹவானாவுக்குப் போனது, பதில் திரும்பி வந்தது. கபாபிளாங்காவின் பெயரில் நடந்த அந்தப் போட்டிக்கு நியூயார்க்கில் இடம் கொடுத்தது, மேற்கு 10-வது தெரு, 23-ம் எண் வீடு.